பாய் கட்டிப் போன கிறிஸ்துமஸ்

கண்ணு,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்து முடித்தேன். தபால்காரர் இன்னும் தெருமுனை தாண்டவில்லை, அதற்குள் உங்கப்பாவைக் கூப்பிட்டு உரக்க வாசித்தும் காட்டிவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்குமுன் கல்யாணம். அது முடிந்ததும் கிறிஸ்துமஸ் விடுமுறை முழுவதும் மாப்பிள்ளையின் நண்பருடைய பாய்மரப் படகில், மலேசியாப் பக்கத்துத் தீவுகளைச் சுற்றிக்கொண்டு! படகிலேயே சமையல், படகிலேயே படுக்கை. எனக்கு இருப்பே கொள்ளவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. ஆனால் கடிதத்தின் அடியில், யார் கண்ணிலும் படக் கூடாதென்பது போலச் சின்ன எழுத்தில் ஒன்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் உங்கப்பாவுக்கு நான் வாசிக்கவில்லை. தண்ணீருக்குப் பயமில்லை, ஒரு அறை அளவு இடத்தில் இன்னும் சரியாகத் தெரியாத ஒருவரோடு அத்தனை நாள் எப்படி இருப்பது என்றுதான் பயமாக இருக்கிறது என்று. அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உங்கப்பா மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறார். தொழிற்சாலைச் சங்கு ஊதுவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும். வேலையை விட்டு இத்தனை வருஷமாகியும் அந்தச் சங்கு ஊதினால்தான் அவர் எழுந்திருக்கிறார்.

சேவல் கதை உனக்குத் தெரியும். வீட்டுக்கு யார் வந்தாலும் உங்கப்பா சொல்லிவிடுவார். கல்யாணமான புதிதில் கிருஷ்ணகிரி அணையில் பாய் கட்டிய படகில் கிறிஸ்துமஸ் கொண்டாடினோம், சேவல் தண்ணீரில் விழுந்தது, அதைப் பிடிக்க அவர் குதித்தார், இவள்தான் படகை ஓட்டிக்கொண்டு வந்து இரண்டு பேரையும் மீன் அள்ளுவது போல அள்ளினாள் என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கதைக்கு முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் இருக்கிறது. அதை உன்னிடம் சொல்ல இதுவரை தோன்றவில்லை. இப்போது உனக்கு அது தேவைப்படுகிறது.

நான் தளிப் பக்கத்துப் பெண். உருளைக்கிழங்கும் பீன்ஸும் விளைகிற காடு, எப்போதும் குளிர், வீடு நிறைய ஆட்கள். அண்ணன்கள் ஒரு பக்கம் தமிழில் சண்டை போடுவார்கள், வேலைக்கு வருகிறவர்கள் கன்னடத்தில் பதில் சொல்வார்கள், சந்தையிலிருந்து வந்தவர் தெலுங்கில் விலை பேசுவார். சத்தமில்லாத ஒரு நாழிகையை நான் பார்த்ததே கிடையாது. உங்கப்பா தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவர். அணையில் ஷட்டர்களைக் கவனிக்கிற ஃபிட்டர் வேலை கிடைத்து வந்தவர். எங்கள் பங்குச் சாமியார் முன்பு அந்தக் கடற்கரையில் இருந்தவர், அவர்தான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேசி முடித்தார். தாலி கட்டிக்கொண்டு அணை குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தேன். அவர் காலையில் போவார், மாலையில் கிரீஸ் வாசனையோடு வருவார், கை கால் கழுவுவார், படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சோறு போடட்டுமா என்று நான் கேட்பேன், போடு என்பார். அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். அவர் ஏதாவது சொன்னாலும் அந்தக் கடற்கரைத் தமிழ் எனக்குப் பாதி புரியாது. நான் பேசுவதில் கலந்திருந்த கன்னடம் அவருக்குப் புரியாது. புரியவில்லை என்று சொல்ல இரண்டு பேருக்கும் வெட்கம்.

மழைக்காலம் முடிந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். கிறிஸ்துமஸை இங்கே முடித்துவிடுகிறேன், வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் வந்து என்னை அழைத்துப் போ, கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று. கொஞ்ச நாள் என்று சொன்னேனே ஒழிய, திரும்பி வருகிற எண்ணம் எனக்கு இருக்கவில்லை. தகரப் பெட்டியில் என் புடவைகளை அடுக்கி வைத்துவிட்டேன். இது நடந்தது அறுபத்தேழாம் வருஷம் என்பதையும் நினைத்துக்கொள். புருஷனை விட்டு வந்தவள் என்ற பேரோடு எங்கள் ஊரில் ஒருத்தி நிமிர்ந்து நடக்க முடியாத காலம். அது தெரிந்தும் அடுக்கினேன்.

அவர் குடிக்கவில்லை, அடிக்கவில்லை, ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. பிறகு ஏன் என்று நீ கேட்கலாம். நான் ஒருத்தி அந்த வீட்டில் இருப்பது அவருக்குத் தெரியுமா என்றே எனக்குத் தெரியவில்லை, கண்ணு. அதுதான்.

படகு அந்த நாட்களில்தான் உருவாகிக்கொண்டிருந்தது. அணை கட்டுகிற காலத்தில் ஓட்டிய பழைய படகு ஒன்று கரையில் கவிழ்ந்து கிடந்தது. மேலதிகாரியிடம் கேட்டு வாங்கி, வேலை முடிந்த நேரமெல்லாம் அதோடு மல்லுக்கட்டினார். பலகை மாற்றினார், சந்துகளைப் பஞ்சும் தாரும் வைத்து அடைத்தார், நீளமான தைலமரம் ஒன்றைச் சீவிப் பாய்மரமாக நட்டார், பின்பக்கம் சுக்கான் வைத்தார். நடுவில் மூங்கிலை வளைத்துக் கோரைப்பாய் போட்டு, நம் ஊர்க் கூண்டு வண்டி போல ஒரு கூண்டு கட்டினார். ஒரு மூட்டை காடாத் துணியைக் கொண்டுவந்து என் தையல் மெஷின் பக்கத்தில் வைத்தார். என்னைத் தைக்கச் சொல்லவில்லை, வெறுமனே வைத்துவிட்டுப் போனார். நானே எடுத்துத் தைத்தேன். வேறு என்ன செய்வது, பேச்சுத் துணைக்கு மெஷினாவது சத்தம் போடட்டும் என்று. அணை நிரம்பியிருந்ததால் அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவருக்கு ஊருக்குப் போக அனுமதி கிடைக்கவில்லை. ஆள் தேவைப்பட்டால் அணை மேலே சிவப்புத் துணி கட்டுவோம், உடனே வந்துவிட வேண்டும், மற்றபடி தண்ணீரில் எங்கே வேண்டுமானாலும் சுற்றிக்கொள் என்று பெரிய இன்ஜினியர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். அன்று சாப்பிடும்போது உங்கப்பா என்னிடம், விடுமுறை முழுவதும் படகில் இருக்கலாம் என்றிருக்கிறேன், வருகிறாயா என்று கேட்டார். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. எப்படியும் போகப்போகிறவள்தானே, வந்துவிட்டுப் போகிறேன் என்று தலையாட்டினேன். குவார்ட்டர்ஸைப் பூட்டிவிட்டுப் போவதால் என் தகரப் பெட்டியையும் கூண்டுக்குள் ஏற்றிக்கொண்டேன். அவர் அதைத் தூக்கி வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் புறப்பட்டோம். அரிசித் தட்டுப்பாடு இருந்த காலம். கேழ்வரகு மாவு, எங்கள் வீட்டிலிருந்து வந்த உருளைக்கிழங்கு, ஸ்டவ், நான் சுட்டு டின்னில் அடைத்த அச்சுமுறுக்கும் கல்கல் இனிப்பும், இவ்வளவுதான் எங்கள் சாமான். பாய்மர உச்சியில் ஒரு காகித நட்சத்திரத்தைக் கட்டியிருந்தார். அணைக்கட்டு மேலே நின்று அவர்கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் கைதட்டிக் கேலி செய்தார்கள். நான் கூண்டுக்குள் மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர் ஏரியைவிடப் பெரிய தண்ணீரை நான் பார்த்ததில்லை, நீச்சலும் தெரியாது. அவர் கயிற்றை இழுத்தார். நான் தைத்த துணி ஒரு முறை படபடவென்று அடித்துக்கொண்டு, பிறகு வயிறு உப்பியது போல நிறைந்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்து கிளம்பியது. எஞ்சின் சத்தம் கிடையாது, மாடு கிடையாது, தள்ளுகிற ஆள் கிடையாது. தண்ணீர் மட்டும் பலகைக்கு அடியில் சளசளவென்று பேசிக்கொண்டு வந்தது. மூங்கிலை விட்டுவிட்டுக் கூண்டுக்கு வெளியே வந்து நின்றேன். பயத்தில்தான் எழுந்தேன் என்று முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அது சந்தோஷம்.

அதைவிட அதிசயம் உங்கப்பா. கரை விலக விலக அவர் பேச ஆரம்பித்தார். வடக்கே இருந்து வருவது வாடை, கிழக்கே இருந்து வருவது கொண்டல், மேற்கே இருந்து வருவது கச்சான் என்று காற்றுக்கெல்லாம் பெயர் சொன்னார். அவர்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு வள்ளங்களில் எப்படித் தோரணம் கட்டுவார்கள் என்று சொன்னார். இங்கே வந்த முதல் வருஷம் கடல் சத்தம் கேட்காமல் தூக்கமே வரவில்லை என்றார். பாட்டுக்கூடப் பாடினார், சகிக்க முடியாத குரல். நான் வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். இந்த மனிதர் இத்தனை நாள் எங்கே இருந்தார்? மத்தியானம் படகுக்குள் கசிந்த தண்ணீரை இறைக்கப் போனவர், சுக்கானைப் பிடிக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். நான் மாட்டேன் என்றேன். மாடு ஓட்டியிருக்கிறாயா என்று கேட்டார். ஓட்டாமலா என்றேன். மாடு இழுத்த பக்கம் திரும்பும், இது தள்ளுகிற பக்கத்துக்கு நேர்மாறாகத் திரும்பும், அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். பாய்க் கயிற்றை இழுத்தால் ஓடும், விட்டால் நிற்கும். காற்று வருகிற திசைக்கு நேராக மட்டும் எந்தக் கொம்பனாலும் போக முடியாது, கோணலாகப் போய்த் திரும்பி, மறுபடி கோணலாகப் போக வேண்டும். சாயங்காலம் வரைக்கும் சுக்கான் என் கையில்தான் இருந்தது. அன்றிரவு டவுன் மாதா கோயிலில் நடுநிசிப் பூசை கண்டுவிட்டு வந்து படகிலேயே படுத்தோம்.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் எதிர்க்கரையில் ஒரு அம்மா, நிலக்கடலை மூட்டையும் ஒரு சேவலுமாக நின்றுகொண்டு கையைக் காட்டினாள். வண்டிப் பாதையெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டதால் அவள் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும். நட்சத்திரத்தையும் கூண்டையும் பார்த்து, நீங்கள் கூத்தாடிகளா என்று தெலுங்கில் கேட்டாள். நான் கன்னடத்தில் பதில் சொன்னேன். இரண்டு பேருக்கும் நன்றாகவே புரிந்தது. அவளை ஏற்றிக்கொண்டு வந்து இக்கரையில் இறக்கிவிட்டபோது, பண்டிகை நாளாச்சே என்று சொல்லி, வேண்டாமென்றாலும் கேட்காமல் அந்தச் சேவலைப் படகில் வைத்துவிட்டுப் போனாள்.

இனி நடந்ததைத்தான் உங்கப்பா சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். நடுத் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தோம். சுக்கான் என்னிடம் இருந்தது. சேவல் கால்கட்டை அவிழ்த்துக்கொண்டு கூண்டு மேலே ஏறி, அங்கிருந்து பறக்கப் பார்த்துத் தண்ணீரில் விழுந்தது. உங்கப்பா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கடற்கரைப் பிள்ளை, தண்ணீரில் எது விழுந்தாலும் பின்னால் குதிப்பது அவருக்குப் பழக்கம். குதித்துவிட்டார். அதே நேரம் மலைப்பக்கமிருந்து ஒரு காற்று வந்து பாயில் விழுந்தது. படகு கயிறறுத்த காளை மாதிரி ஓட ஆரம்பித்தது. நான் மட்டும் உள்ளே.

திரும்பிப் பார்த்தேன். சேவலைப் பிடித்துவிட்டார். ஆனால் படகு போகிற வேகத்துக்கு எந்த மனிதனும் நீந்த முடியாது. இரண்டு கரையும் தூரம். குளிர்ந்த தண்ணீர், இடுப்பில் கனத்த காக்கி நிக்கர், மூழ்கிப்போன தோப்புகளின் மொட்டை மரங்கள் அங்கங்கே நீட்டிக்கொண்டிருந்தன. நான் பயத்தில் கயிற்றை இன்னும் இழுத்துவிட்டேன், படகு இன்னும் வேகமாக ஓடியது. பிறகு கயிற்றையே விட்டுவிட்டேன். பாய் படபடத்து, படகு நின்றது. நின்றாலும் காற்று அதை அவரிடமிருந்து தள்ளிக்கொண்டே போனது. ஏசுவே, மாதாவே என்று கத்தினேன். யாரும் வரவில்லை. அவர் தலை சின்னதாகிக்கொண்டே போனது. அப்போது நினைத்தேன், கண்ணு: நான்தானே இவரை விட்டுப் போக இருந்தேன், இப்படியா போகச் சொன்னேன் என்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றை எடுத்தேன். சுக்கானைத் தள்ளினேன். படகு காற்றுக்கு எதிரே பாதி திரும்பி, திணறி, பழையபடி விழுந்தது. மறு பக்கம் தள்ளினேன். அது சுற்றிக்கொண்டு போனது, பாய் தலைக்கு மேலே ஒரு பக்கமிருந்து மறு பக்கத்துக்கு இடி மாதிரி வந்து விழுந்தது. குனிந்ததால் பிழைத்தேன். ஆனால் திரும்பிவிட்டது, படகு திரும்பிவிட்டது! கோணலாகப் போனேன். அவரைத் தாண்டி, காற்று வருகிற பக்கமாக மேலே போனேன். அவர் சேவலைத் தலைமேல் வைத்துக்கொண்டு மிதந்துகொண்டிருந்தார். தன்னைத் தாண்டிப் போக என்னை விட்டார், ஒரு வார்த்தை கத்தவில்லை. பிறகு அவருக்கு நேராகக் காற்று வருகிற பக்கத்துக்கு வந்ததும் கயிற்றை விட்டேன். படகு நின்று, காற்று மெதுவாக என்னை அவரிடம் தள்ளிக்கொண்டு போனது. பக்கத்தில் வந்ததும் முதலில் சேவலை நீட்டினார். வாங்கி உள்ளே எறிந்தேன். பிறகு அவர் கையைப் பிடித்தேன்.

ஏறியதும் அவருக்கு நடுக்கம் நிற்கவில்லை. உதடு நீலமாகிவிட்டது. தளிக் குளிருக்காக நான் கொண்டுவந்திருந்த கம்பளி பெட்டியில்தான் இருந்தது. பெட்டியைத் திறந்து எடுத்தேன். அடுக்கியிருந்த புடவைகளெல்லாம் அவர் கண்முன்னால் கிடந்தன. போர்த்திவிட்டேன். பெட்டியைப் பார்த்தபடியே அவர்தான் பேசினார்.

"நீ பெட்டியக் கட்டினத அன்னைக்கே பாத்துட்டேன். போவாதன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஒரு வாரம் பாய் கட்டித் திரிஞ்சோம்னா, நான் யாருன்னாவது தெரிஞ்சிக்கிட்டுப் போவியேன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "நல்லாத் தெரிஞ்சிக்கினேங்க," என்றேன். "ஒரு கோழிக்கோசரம் பொண்டாட்டிய நடுத்தண்ணில உட்டுட்டுக் குதிக்கிற ஆளு."

அவர் சிரித்தார். கல்யாணமாகி அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கம்பளிக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், எனக்கும் தொற்றிக்கொண்டது. நடுத் தண்ணீரில் பாய் அவிழ்ந்து ஆடிக்கொண்டிருக்க, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தோம். சேவலை அன்று சாயங்காலமே குழம்பு வைத்தேன். பாவம் பார்த்து விட்டுவிட்டேன் என்று நீ எதிர்பார்க்காதே. அவ்வளவு ருசியான குழம்பை அப்புறம் நான் வைத்ததே இல்லை.

அதனால் ஒரே நாளில் மனசு மாறிவிட்டது என்றும் நினைத்துவிடாதே. மறுநாளே சண்டை போட்டோம். உப்பு டப்பாவை நனைய விட்டதற்கு அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், நான் கூண்டுக்குள் போய்ப் படுத்தேன். ஆனால் படகில் கோபித்துக்கொண்டு போக இடம் கிடையாது. காற்று மாறினால் ஒருவர் சுக்கான், ஒருவர் கயிறு, உடனே பேசித்தான் ஆக வேண்டும். கயிறு விடு, இழு, தலையைக் குனி என்று ஆரம்பிக்கிற பேச்சு, கொஞ்ச நேரத்தில் உங்கள் வீட்டில் எத்தனை மாடு என்று வந்து நிற்கும். புரியாத வார்த்தையை நிறுத்திக் கேட்கக் கற்றுக்கொண்டேன். அவரும் கேட்டார். நீ பயப்படுகிறாயே, அந்தச் சின்ன இடம்தான் எங்களுக்கு உதவியது. பேசாத ஆளைப் பார்த்து, இவருக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று நீயே முடிவு கட்டிவிடாதே. எனக்குப் புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல். நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் எட்டு மாசத்தை வீணடித்தேன். உனக்கு சைக்கிள் கற்றுத் தந்தபோது தேன்கனிக்கோட்டை ரோட்டில் உங்கப்பா பின்னாலேயே ஓடி வந்தாரே, ஒரு வார்த்தை பேசாமல்? அவருக்கு உன்மேல் பிரியமே இல்லை என்று நீ என்னிடம் அழுதாய். அப்போதே இதையெல்லாம் நான் சொல்லியிருக்கலாம்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். மாப்பிள்ளை நல்லவர்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் போய் உட்கார்ந்தபின் மனசுக்கு ஒப்பவில்லை என்றால் வந்துவிடு. பெட்டி கட்டினதற்காக நான் என்றும் வெட்கப்பட்டதில்லை, நீயும் படாதே.

வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் அண்ணன் சொன்னபடி வந்து கரையில் நின்றார். உன் பெரிய மாமாதான். கையில் குடை, தோளில் துண்டு, தளி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் முகத்தில். படகு கரைக்கு வருவதைப் பார்த்தவர், சுக்கான் பிடித்து வருவது தங்கை என்று தெரிந்ததும் குடையைக் கீழே போட்டுவிட்டார். உங்கப்பா பாயை இறக்கிவிட்டு, எங்களைப் பார்க்காமல் முன்பக்கம் போய் உட்கார்ந்து கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றிய கயிற்றையே மறுபடி மறுபடி சுற்றினார்.

அண்ணன் கேட்டார், "பெட்டி எங்கம்மா? பஸ்ஸு போயிடும்."

"பெட்டி இங்கதாண்ணா இருக்குது," என்றேன். "அது இருக்கட்டும். நீ செருப்பக் கழட்டிட்டு ஏறு. ஒரு சுத்து சுத்திக்கினு வரலாம்."

அண்ணன் என்னைப் பார்த்தார், உங்கப்பாவின் முதுகைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனாலும் தங்கை தண்ணீரில் கூப்பிடுகிறாளே என்று ஏறுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். ஏறினார். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அணை நெடுகச் சுற்றி வந்தார். நான்தான் ஓட்டினேன். கரையில் இறங்கியதும் முதலில் குடையைத் தேடி எடுத்தார். கல்கல் டின்னை அவர் கையில் கொடுத்து, அம்மாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். அவர் தனியாகப் பஸ் ஏறிப் போனார். அந்தப் படகை ஓசூர் வந்து தொழிற்சாலையில் சேரும் வரை வைத்திருந்தோம்.

சங்கு ஊதிவிட்டது. உங்கப்பா எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறார். இவ்வளவு நீளமாக யாருக்கு என்று கேட்கிறார். உனக்கு என்றதும், அந்தத் தீவுப் பக்கம் டிசம்பரில் என்ன காற்று அடிக்கும், படகு எத்தனை அடி, பாய் ஒன்றா இரண்டா, எல்லாவற்றையும் மாப்பிள்ளையிடம் கேட்டு எழுதச் சொல் என்கிறார். காலையில் உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு மலேசியாவைத் தடவிக்கொண்டிருந்தவர். இந்த வருஷம் நீங்கள் இரண்டு பேர் மட்டும்தான் போக வேண்டும், அதில் நான் கண்டிப்பு. ஆனால் அடுத்த கிறிஸ்துமஸுக்கு அந்தப் படகில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்குமா என்று மட்டும் மெதுவாக விசாரித்து வை. நாங்கள் நாளைக்கே பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கப் போகிறோம்.

அம்மா